சோற்றைத் தள்ளி வைத்தவர்

என் கணவர் சோற்றை நிறுத்தியது கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான். அரிசி விஷம், இட்லி விஷம், முட்டையும் வேர்க்கடலையும் தேங்காயும் தின்றால் சர்க்கரை வியாதி ஓடிப்போகும் என்று அதில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். இவர் தறியில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். "டாக்டரு மாத்திரதான் எழுதுவாரு. இவரு வியாதியவே போக்கறாரு" என்றார்.

அதோடு விட்டாரா? கொழுப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு, மாவுச்சத்து கிடையவே கிடையாது என்று எனக்குப் பாடம் வேறு. சமைப்பவள் நான், சட்டம் போடுகிறவர் அவர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கீரையோடு பருப்பைச் சேர்த்துக் கடைந்தால் பருப்பைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார். சோற்றைத் தள்ளியவர் மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் கை நடுங்குவதைக் கவனித்திருந்தேன். சொன்னால் சண்டைதான்.

சேவூரில் எங்கள் தெருவிலேயேதான் பாவு பிடிப்போம். வெயில் ஏறுவதற்குள், தறியில் நெடுக்காக ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, காய்ந்ததும் சுருட்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து கைகொடுப்பார்கள். சுருட்டி முடியும்வரை யாரும் சாப்பிட உட்காருவதில்லை, ஒரு டீயோடு சரி. அன்று எங்கள் பாவு. இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இருக்கிறதென்று அந்த டீயையும் ஒதுக்கிவிட்டு இறங்கினார்.

ஒரு முனையில் இழைகள் கட்டிய கட்டையை இழுத்துப் பிடித்திருந்தவர் இவர்தான். கஞ்சி காய்ந்துகொண்டிருந்தபோது பார்க்கிறேன், சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. வெயிலே வரவில்லை. "இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்றேன். "நூலு... நூலு அறுந்துகினு..." என்று குழறினார். ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "சுகர் ஏறிகினு இருக்குது அண்ணி. ஜல்தியா இன்னொரு மாத்திர குடுங்க."

நான் உள்ளே ஓடிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தேன். அவர் குறுக்கே கையை நீட்டினார். "சுகர்காரருக்குச் சக்கரையா? ஆளையே சாவடிச்சிடுவீங்க அண்ணி!" கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான் பேசினார்கள்.

எனக்கும் கை பின்வாங்கியது. மாத்திரை உள்ளே போயிருக்கிறது, வேறெதுவும் போகவில்லை, பிறகு எங்கிருந்து ஏறும்? ஆனால் என் நினைப்பு தப்பாக இருந்தால், என் கையாலேயே இவரைக் கொன்றவளாவேன். "நவுருங்க!" என்று கத்தினேன். இவரோ கட்டையை விடுவதாக இல்லை. தன்னையே மறந்துகொண்டிருந்த மனிதருக்கு, விட்டால் பட்டு சிக்காகிவிடும் என்பது மட்டும் மறக்கவில்லை. "பாவு நாசமாப் போவட்டும், வாயத் தொறங்க!" பக்கத்து வீட்டுக்காரரே கடைசியில் கட்டையை வாங்கிக்கொண்டார். மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். அந்தக் கண்கள் என்னை அடையாளம் காணும்வரை எனக்கு உயிரே இல்லை.

ஆரணி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், சர்க்கரை ஏறவில்லை, ரொம்ப இறங்கியிருந்தது என்று. மாத்திரையைக் குறைத்தார். சோறு எதிரியல்ல, அளவாகப் போடுங்கள், அதைவிட அதிகமாகக் காயும் கீரையும் வையுங்கள், கூடவே பருப்போ முட்டையோ, கொஞ்சம் கடலை என்றார். எதையும் அடியோடு நிறுத்துமுன் தன்னிடம் சொல்லும்படி இவரைக் கண்டித்தார்.

மதியம் வீட்டில் அப்படியே தட்டில் வைத்தேன், ஒரு சண்டைக்குத் தயாராக. இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சாப்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் ஒரு குறை சொல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். உப்பில்லை, காரமில்லை, ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பார்க்காமல் அழுவதற்காக அடுப்பங்கரைக்குப் போனேன்.