ஐந்தாம் கட்டையில் ஓர் அழைப்பு

எங்கள் வீட்டில் பாம்பு இருக்கிறது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பாம்பு வேறெதுவுமில்லை, என் கையடக்க ரேடியோதான்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த சமயம். ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். பகலெல்லாம் அடுத்தவன் ரேடியோவோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொந்த ரேடியோவோடு மல்லுக்கட்டுவேன். காற்றலையில் அடுத்தவரோடு பேசிக்கொள்ள, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன் நான். வட்டகொடையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்த என் மச்சானுக்கும், அதாவது என் மனைவியின் அண்ணனுக்கும், இதே பைத்தியம். இருவரிடமும் ஒரே மாதிரிப் பெட்டி, இருவர் கூரையிலும் ஏரியல்.

இரைச்சலை அடக்க அந்தப் பெட்டியிலேயே ஒரு திருகு உண்டு. ஆனால் நடுவில் நிற்கும் மலைகளைத் தாண்டி வரும்போது மச்சானின் குரல் மெலிந்துவிடும். திருகினால் இரைச்சலோடு சேர்ந்து அவரும் அடங்கிப்போவார். ஆகவே திறந்தே வைத்திருந்தேன். சோறு வடிக்கும்போதும் ஜெபம் பண்ணும்போதும் மேசையில் அது 'ஷ்ஷ்ஷ்' என்று சீறிக்கொண்டே கிடக்கும்.

ஒரு நாள் அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "இந்தச் சீறல் இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியாதுங்க. ஒண்ணு அது, இல்லாட்டி நான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். நாற்பதைத் தாண்டியும் பகிடியை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன் நான். மறுநாள் காலை ரயிலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகட்டும் என்று வீறாப்பாக இருந்தேன். ஓரிரு நாள் பாணும் சம்பலும் இனித்தன. அப்புறம் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. தேநீர் ஊற்றுவேன், குடிக்க மறந்து நடப்பேன், ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவேன். மச்சான் ரேடியோவில் வந்து நிலவரம் சொன்னார்: "மச்சான், உங்க பேர எடுத்தாலே இவ தேங்காய ரெண்டு மடங்கு வேகமாத் துருவுறா. எங்க வீட்டுத் திருவலை தாங்காது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளங்கும் விஷயம்தான். வரிசை வீடுகளான லயத்தில் கேட்கும் தப்புப் பறையில், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. தனக்குரிய அடி விழும்வரை எவனும் போர்வையை விலக்க மாட்டான். ரேடியோவையும் அப்படிப் பழக்கலாம். அழைப்பவர் பொத்தானை அமுக்கினால் ஒரு குறிப்பிட்ட சுருதி காற்றில் வரும். அந்தச் சுருதி வந்தால் மட்டும் என் பெட்டி மணியடித்துக் காதைத் திறக்கும், மற்ற நேரமெல்லாம் ஊமையாகக் கிடக்கும். வெளிநாட்டு நண்பர் ஒருவர் அனுப்பிய மின்சில்லுகளை வைத்து எனக்கொன்று, மச்சானுக்கொன்று என்று பெட்டிக்குள் பொருத்தும் இரண்டு மின்சுற்றுப் பலகைகள் செய்தேன்.

சுருதியை அளக்கும் கருவி எங்கள் இருவரிடமும் இல்லை. அதனால் என்ன, இரண்டு ஊர்ச் சர்ச்சிலும் ஆர்மோனியம் இருக்கிறதே! "நடுவுல இருக்கிற அஞ்சாவது வெள்ளைக் கட்டைய அமுக்குங்க மச்சான். அதுக்குச் சரியா உங்க பலகையில திருகி வைங்க. நான் இங்க வச்சிக்கிறேன்" என்றேன். அந்த யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊமைப் பெட்டியைக் கையால் திறக்க ஒரு சின்னச் சுவிட்ச் வைப்பது வழக்கம். என்னை நம்ப அவளுக்கு ஓர் அத்தாட்சி வேண்டாமா? என் பெட்டியின் சுவிட்சைக் கழற்றி, தாளில் சுற்றி, மச்சானின் பலகையோடு சேர்த்து அவளுக்கு அனுப்பினேன். இனி நான் நினைத்தாலும் சீறலைக் கேட்க முடியாது என்று பொருள்.

அவள் பதில் மச்சான் எழுதிய கடிதத்தில் வந்தது. ஞாயிறு பின்னேரம், ரயிலுக்கு முன்னால் அவளே பொத்தானை அமுக்குவாள். என் பெட்டி மணியடித்து நான் பதில் சொன்னால் ரயில் ஏறுவாள். சத்தம் இல்லையென்றால், பெட்டியை நிறுத்திவைத்து அவளை ஏய்க்கப் பார்த்தேன் என்று அர்த்தம். அப்புறம் வரவே மாட்டாள். பகிடிக்காரன் சொல்லும் சாக்கை யார் நம்புவார்கள்?

ஞாயிறு வந்தது. பெட்டியை மேசை நடுவில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். அது ஊமையாக இருந்தது. அப்படி இருக்கத்தான் செய்தேன் என்று சந்தோஷப்பட்டேன். நேரம் போகப் போக நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன். அவள் இன்னும் அமுக்கவில்லையா? அமுக்கியும் வரவில்லையா? இரண்டுக்கும் ஒரே சத்தம்தான், சத்தமில்லாத சத்தம். சீறிக்கொண்டிருந்தவரை பாம்பு உயிரோடு இருக்கிறது என்றாவது தெரிந்தது.

பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். கூரைக்கு ஏறி ஏரியலை ஆட்டினேன். இறங்கும்போது கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் கால் வைத்து, பீலியோடு சேர்ந்து கீழே வந்தேன். அடிபட்டதா என்று பார்க்கக்கூட நேரமில்லை. ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டை வைத்து அழுத்தினேன்.

'ஷ்ஷ்ஷ்' என்றது. அதன் நடுவே ஒரு சுருதி, 'ஊஊஊ'. பின்னால் மச்சானின் குரல். "கேக்குதா மச்சான்? அஞ்சாறு தடவ அடிச்சுட்டோம்!"

மச்சானிடம் ஒரு பழக்கம்: பேசி முடித்தாலும், பேசும்போது அமுக்கும் விசையிலிருந்து கட்டை விரலைச் சுலபத்தில் எடுக்க மாட்டார். அதனால் அவள் பேசுவதும் கேட்டது.

"பாத்தீங்களாண்ணே? நான்தான் சொன்னேனே. அந்த மனுசன் பெட்டிய அமத்தி வச்சிட்டு எங்கயோ சுத்தப் போயிருக்காரு."

"இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினேன். பொத்தானை அமுக்கி அமுக்கிக் கத்தினேன். ஆனால் அவர்கள் பெட்டியும் தனக்குரிய சுருதி வந்தால்தானே காதைத் திறக்கும்? என் சுருதிக்குத் திறக்கவில்லை.

"ஒரு வினாடி நம்ம பெட்டி சுவிச்சப் போட்டுப் பாக்குறேனே" என்றார் மச்சான்.

"போட்டீங்கன்னா நான் இங்கயேதான் இருப்பேன். பேச்சுன்னா பேச்சு. கைகாட்டி விழுற வரைக்கும் பாப்போம்."

அவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஸ்டேசன் கைகாட்டி தெரியும். அது விழுந்தால் ரயில் வருகிறது என்று பொருள்.

மறுபடி அந்தச் சுருதி வந்தது. இந்தத் தடவை உற்றுக் கேட்டேன். என் ஐந்தாம் கட்டை இல்லை அது, அரைக்கட்டை கீழே இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வட்டகொடை ஆர்மோனியம்! அந்த ஊர்ச் சர்ச் உபதேசியாரின் தொண்டைக்கு உயர்ந்த சுருதி எட்டாது என்று யாரோ ரீட்டுத் தகடுகளையெல்லாம் அரத்தால் தேய்த்து இறக்கிவைத்திருந்தார்கள். அங்கே நடந்த எங்கள் கல்யாணத்தன்று ஹட்டன் பாடகர் குழு ஒரு பக்கமும் அந்த ஆர்மோனியம் ஒரு பக்கமுமாக இழுத்தன. மணப்பெண் கண்ணீர் விட்டாள். எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

அன்று ஆர்மோனியத்தோடு ஒத்துப் பாடியது ஒரே ஒருவன். நான்தான். பிறவியிலேயே அரைக்கட்டை கீழே பாடுகிறவன். அந்தக் குற்றத்துக்காகவே பின்னாளில் பாடகர் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். நீக்கச் சொல்லி முதலில் கை தூக்கியவள் என் மனைவி.

பலகையைத் திருகிச் சரிசெய்ய அவகாசமில்லை. அந்தச் சுருதி நின்றதும் விசையை அழுத்தினேன். ஐந்தாம் கட்டை என்று மனதில் நினைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க "ஆஆஆஆ" என்று பாடினேன். மூச்சு முட்டியது. மறுபடி பாடினேன். பக்கத்து வீட்டுச் சிங்களக் கடை முதலாளி வேலிக்கு மேல் தலை நீட்டி, "மொகத மாத்தயா, அசனீபத?" என்று உடம்புக்கு ஏதுமா என விசாரித்தார். இல்லையென்று தலையாட்டிக்கொண்டே பாடினேன்.

விசையை விட்டதும் மச்சானின் அலறல். "அடிச்சிருச்சு! மணி அடிச்சிருச்சு!"

"யாருண்ணே அது, கன்னு போடுற மாடு மாதிரி?"

"உம் புருசந்தான். இந்தா, நீயே பேசு."

பெட்டி கை மாறும் கரகரப்பு. பிறகு அவள் குரல் பக்கத்தில் வந்தது.

"என்னாங்க, அங்க மணி அடிச்சுச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்ல" என்றேன். "கம்பிய வச்சுத் தொறந்துதான் கேக்குறேன். ரெண்டு ஆர்மோனியமும் ஒத்துக்கல."

"கம்பிய எடுங்க."

"வர்றியா, இல்லையா? அத மட்டும்..."

"எடுங்கன்றேன்ல."

எடுத்தேன். பெட்டி செத்துப்போயிற்று.

ஸ்டேசனுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சப்பாத்தும் இருந்ததை அங்கே ஒரு போர்ட்டர்தான் சொன்னார். பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ரயில் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் வேறு யாருடைய பெண்டாட்டியாகவோ இருந்தார்கள். கார்டு பச்சைக் கொடியை எடுக்கும்போதுதான் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பை இறங்கியது. அதன் பின்னால் அவள்.

என் கால்களையும், சட்டையில் அப்பியிருந்த கூரைப் பாசியையும் பார்த்தாள். "கூரையிலருந்து விழுந்தீங்களா?"

"லேசா."

பையை என் கையில் கொடுத்தாள். சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது, அதற்குள் என் சுவிட்ச். அதைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றினாள். பெட்டி மேசையில் பேசாமல் கிடந்தது. இருவரும் குடித்தோம். சீறல் இல்லாத வீட்டில் கோப்பை வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அவள் ஒருமுறை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்வந்து மறுபடியும் பார்த்தாள்.

"என்னாங்க, அண்ணன் இப்ப கூப்பிட்டா கேக்காதுல்ல?"

"கேக்காது. சுருதிய இன்னும் மாத்தல."

"வந்து சேந்துட்டேனான்னு கூப்பிட்டுப் பாப்பாரு."

"பாப்பாரு."

கோப்பைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைப்பிலிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.