மூன்று மணி நேரத் தண்ணீர்

புத்தி வேறு, விவேகம் வேறு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வயதாகிவிட்டது, விட்டுத் தொலைக்கலாம். விட முடியவில்லை. அந்த வார்த்தையை முதன்முதலில் என்னிடம் சொன்னவர் எந்த நேரத்தில் சொன்னார் என்பதை நான் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு வடக்கே, பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத மேடு. கண்மாயில் கிடப்பதுதான் தண்ணீர். அது குறைந்துவிட்டால் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும்: ஒரு நாளைக்கு ஒருவர், மடையைத் திறந்து அவருக்குரிய நேரம் முடிந்ததும் அடைத்துவிடுவது. பழைய வழக்கப்படி தண்ணீர் அவரவர் வயலைத் தொட்ட பிறகுதான் நேரம் கணக்கு. வயல்காரர் அங்கிருந்து குரல் கொடுப்பார். மடையில் நிற்பவர் குச்சி நட்டு நிழலைக் குறித்துக்கொள்வார். தண்ணீர் வந்து வெகுநேரம் கழித்துக் குரல் கொடுக்கிற கெட்டிக்காரர்கள் பெருகியதும் வழக்கம் அடிதடியில் போய் நின்றது.

அப்போதுதான் நான் மதுரையிலிருந்து திரும்பியிருந்தேன். கோரிப்பாளையத்தில் அறை எடுத்து இன்டர்மீடியட் படித்து முடித்தவன், சட்டைப் பையில் கடியாரம் வைத்திருந்தவன். ஊர் என்னைக் கூப்பிட்டது. ஒரே சாயங்காலத்தில் தாளில் எழுதி முடித்தேன். மடை திறந்த நிமிஷத்திலிருந்து ஆளுக்கு மூன்று மணி நேரம். யாரும் குரல் கொடுக்க வேண்டாம், யாரும் பொய் சொல்ல முடியாது. எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது.

கூட்டத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். எனக்கு மாமா முறை. அவர் வயல் மடைக்கு அடுத்தாற்போல. நான் வாசித்ததைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மாப்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

என் அக்காவுக்கு ஒரே ஒரு வயல், கடைமடையில். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை அந்த வயல்தான் காப்பாற்றியது. நான் எழுதிய முறை அவள் காதுக்கு எட்டியதும் வீட்டுக்கு வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "தண்ணி தொறந்ததும் எம் வயலுக்கு வந்துருமா தம்பி? காஞ்ச வாய்க்கா குடிச்சது போக மிச்சந்தான எனக்கு" என்றாள். எல்லாருக்கும் சமம்தான் அக்கா, பயப்படாதே என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினேன். கணக்கு தெரியாத அக்காவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன்.

மாமா வயலைத் தண்ணீர் தொட இரண்டு நிமிஷம் ஆகும். அக்காவின் வயலைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஆயிற்று. வெடித்துக் கிடந்த வாய்க்கால் குடித்துக் குடித்து மிச்சம் விட்டதுதான் அவளுக்கு. அவள் வந்து சொல்லும்போதெல்லாம், ஊர் ஒப்புக்கொண்டதை என் அக்காவுக்காக மாற்றினால் நன்றாயிருக்குமா என்று நான் நியாயம் பேசினேன். ஒரு நாளாவது மடையிலிருந்து அவள் வயல்வரை தண்ணீரோடு கூட நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. கதிர் வாங்கும் சமயத்தில் அவள் பயிர் வெளுத்து நின்றது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக் கட்டினாள். அன்றைக்குத்தான் நான் அந்த வரப்பில் போய் நின்றேன்.

மறுநாள் முறையைப் பற்றிப் பேசக் கண்மாய்க் கரையில் ஊர் கூடியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒருவர் ஆரம்பித்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்; எனக்கு அது வேண்டியதுதான். அப்புறம் மாமா வாயைத் திறந்தார்.

"புத்தி வேற, விவேகம் வேற மாப்ள. இது படிச்சு வாரதில்ல."

கூட்டம் தலையாட்டியது. எனக்கு என்னவோ பொறி தட்டியது. இப்படி ஆகும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, அறுபது வருஷமாக இந்த வாய்க்காலைப் பார்க்கிறேன் என்றார். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கேட்டாத்தான மாப்ள சொல்லணும்."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இவர் ஊமைகூட இல்லை. அவர் வாயை மூடியிருந்த ஒவ்வொரு முறையும் அவர் வயலில் மூன்று மணி நேரமும் முழுசாகப் பாய்ந்தது. ஒரு தாலியறுத்தவள் பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு விவேகம் என்று பேரா? அப்படியே கேட்டேன், எல்லார் முன்னாலும். மரியாதை கெட்டவன் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அக்கா கரைக்குக் கீழே புல்லுக்கட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெண்கள் ஏறி வராத கூட்டம் அது. ஏறி வந்தாள். எனக்குப் பரிந்து பேசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவரு சொல்லலைன்னு இம்புட்டுக் கத்துறியே. நான் சொன்னேனே, நீ காதுல வாங்குனியா?"

 

அவள் அதோடு நிற்கவில்லை. பழையபடி வயலைத் தொட்ட பிறகே நேரம் ஆரம்பிக்கட்டும், ஆனால் குரல் கொடுப்பது வயல்காரன் இல்லை, அடுத்த முறைக்காரன் என்றாள். இவன் அதிகம் எடுத்தால் கண்மாயில் அவனுக்குத்தானே குறையும்; ஒரு நிமிஷம் பிந்த விடமாட்டான். முந்திக் குரல் கொடுத்தால் வயல்காரன் விடமாட்டான். படித்த நானும் விவேகியான அவரும் சேர்ந்து அவிழ்க்க முடியாத முடிச்சை, புல்லுக்கட்டைக்கூட இறக்காமல் அவிழ்த்துவிட்டாள். இதில் எது புத்தி, எது விவேகம் என்று யாராவது பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

ஊர் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, 'பெரியவர் சொற்படி' என்று ஆரம்பித்து எழுது என்று என்னிடம் தாளை நீட்டினார்கள். பொம்பளை பேச்சைக் கேட்டோம் என்று எழுத அவர்களுக்குக் கூச்சம். நான் 'கடைமடை வயல்காரி, என் அக்கா சொற்படி' என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினேன். மாமா தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார். வேறு தாள் இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் போட வேண்டியிருந்தது. சொல்லாத அவர் பேருக்கு அடுத்து, கேட்காத என் பேர் நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெளிவாக, முழுப் பேரையும் எழுதினேன்.