முப்பத்தேழாம் கட்டத்துக்கு எண்பத்திரண்டு

ஆற்றங்கரைக்கு மார்க் போடவென்றே சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் எல்லோருக்கும் அவர் மார்க் அக்கா. பதினான்கு கிலோமீட்டர் கரை அவர் பொறுப்பு. நூறு மீட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று, ஆற்றைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவார். மர நிழலுக்கு முப்பது, புல் மூடிய தரைக்கு இருபத்தைந்து, நாணலுக்கு இருபது, குப்பை இல்லாததற்குப் பதினைந்து, மாடு மிதிக்காததற்குப் பத்து. அதை டைப் அடிப்பது என் வேலை. இருபது வருடம் அடித்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஏன் எதற்கென்று கேட்டதில்லை.

அக்காவை யாரும் வளைக்க முடியாது. பெரிய அதிகாரி ஒருமுறை விருந்தினர் மாளிகை இருக்கும் கட்டத்துக்கு ரெண்டு மார்க் கூட்டிப் போடச் சொன்னார். “வந்து நீங்களே கல்லு மேல நின்னு பாருங்க சார். உங்க கண்ணுக்குப் புல்லு தெரிஞ்சா கூட்டிடலாம்” என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், காதில் பென்சில், கையில் ஒரு கறுப்புக் குடை. அவர் வருகிறார் என்றால் மாடு மேய்ப்பவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவார்கள்.

இவ்வளவு பெரிய ஆற்றைக் கட்டி மேய்த்தவருக்குத் தண்ணீர் என்றால் பயம். படகில் கால் வைத்ததே கிடையாது. நாங்கள் கேலி செய்வோம். “கரைக்குத்தான் நான் வேலைக்காரி. தண்ணிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல” என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் படகுத்துறைப் பலகையில்கூட ஏறமாட்டார்.

தண்ணீரிலேயே பிழைப்பு நடத்தியவர் அவருடைய தம்பி. மீன்காரர். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் செய்துவைத்ததெல்லாம் அக்காதான். தம்பியும் தம்பி மனைவியும் முப்பத்தேழாம் கட்டத்தில் இருந்தார்கள். தகரக் கூரை, ரெண்டு அறை, பின்பக்கம் ஆற்றைப் பார்த்த சமையல்கட்டு. அந்தக் கட்டம்தான் பதினான்கு கிலோமீட்டரிலும் முதல் மாணவன். மூன்று பெரிய அத்திமரங்கள், கால் வைத்தால் புதையும் புல். ஒரு காலத்தில் தொண்ணூற்று மூன்று வாங்கியது. அப்புறம் வருடா வருடம் நாணல் குறைந்து எண்பத்திரண்டில் வந்து நின்றது. நாணல் ஏன் குறைகிறது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டிருந்தது.

ஏன் குறைந்தது என்று ஊருக்கே தெரியும். மேலே பத்து வருடமாக இயந்திரம் வைத்து ஆற்றின் வயிற்றிலிருந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. அதற்கான அனுமதித் தாள்களையும் நான்தான் டைப் அடித்தேன் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி சொல்லிப் பார்த்தார். “மீன்கொத்தி பொந்து வெச்சிருந்த மண்ணெல்லாம் சரிஞ்சு போச்சுக்கா. ரெண்டு வருஷமா ஒண்ணையும் காணோம். ஒரே ஒரு தடவை படகுல வந்து கீழேருந்து பாரேன்.”

“மீன்கொத்திக்கெல்லாம் மார்க் கிடையாதுடா” என்றார் அக்கா.

அந்த வருடம்தான் உத்தரவு வந்தது. ஐம்பதுக்குக் கீழே மார்க் வாங்கிய கட்டங்களில் கரை பலமில்லை என்று, அங்கே குடியிருப்பவர்களுக்கு மேட்டில் மாற்று இடம். ஐம்பதும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். உத்தரவு வந்த வாரத்தில் தம்பி மனைவி அலுவலகத்துக்கே வந்தாள். என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில், உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவளாக நுனியில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, எங்க இடத்துக்கு மார்க்கைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்களேன்.”

“எதுக்கு?”

“சமையக்கட்டுக்குப் பின்னால தரை விரிசல் விடுது. பாத்திரம் கழுவுற தண்ணியை ஊத்தினா எங்க போகுதுன்னே தெரியல. எனக்குப் பயமா இருக்கு.”

அக்காவின் முகம் இறுகியது. சும்மா கிடைக்கிற இடத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைத்ததைப் பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். அன்று அவளிடம் சொன்னது இவ்வளவுதான். “இதோ பாரும்மா. சொந்தக்காரங்கன்னு ஒரு மார்க் கூட்டவும் மாட்டேன், ஒரு மார்க் கொறைக்கவும் மாட்டேன். நேர்ல வந்து பாக்கறேன். இருக்கறதைப் போடறேன்.”

சொன்னபடி மறுநாளே போனார். கல்லின் மேல் நின்றார். மரம் பச்சை, புல் பச்சை. விரிசலைப் புல் மூடியிருந்தது. குடை நுனியால் குத்திப் பார்த்தாராம். ஒரு விரல் அகலம். விரிசலுக்குப் படிவத்தில் மார்க் இல்லை. எண்பத்திரண்டு. நான் டைப் அடித்தேன்.

கரை வெள்ளத்தில்தான் விழும் என்று நினைப்பவர்கள் ஆற்றோடு பழகாதவர்கள். ஆறு மாதம் கழித்து, வெயில் காலத்தில், மேலே அணையை அடைத்தார்கள். ரெண்டே நாளில் ஆறு ஒரு ஆள் உயரம் இறங்கியது. அதுவரைக்கும் அந்த ஈர மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்ததே தண்ணீர்தான். காலை ஒன்பது மணி. தம்பி மனைவி பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி வலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். இலை வாடாத மூன்று அத்திமரங்களும் நின்றபடியே இறங்கியதை அவர் படகிலிருந்து பார்த்தார். சமையல்கட்டும் கூடவே போயிற்று. மறுநாள் மரக்கிளைகளுக்கு நடுவில் அவளை எடுத்தார்கள்.

தம்பி அக்காவைத் திட்டவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அந்த மனுஷி கொஞ்சமாவது அழுது தீர்த்திருப்பார்.

மூன்றாவது வாரம் அக்கா வேலைக்கு வந்தார். நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குப் போய், எல்லாக் கட்டத்துக்கும் படகிலிருந்து மறுபடி மார்க் போட வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கல்லின் மேல் நின்று என்றுதானேம்மா விதியில இருக்கு. படகுல போட்டா செல்லாதே” என்றார்.

அக்கா வெளியே வந்தார். “டைப்பு, நாளைக்கு வரியா? டேப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

“யார் படகுக்கா?”

“அவன்கிட்டயே கேட்டேன். சரின்னு தலையாட்டினான்.”

மறுநாள் காலையில் அக்கா படகில் ஏறியதை நான் மறக்கமாட்டேன். ரெண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்தார். தம்பி துடுப்புப் போட்டார். கண்ணைத் திறந்தபோது அக்கா வேலை பார்த்த கரையின் அடிப்பக்கம் முன்னால் இருந்தது. மேலே புல் விரித்த தரை. அதன் அடியில் எங்கள் அலுவலக அறை அளவுக்குக் குடைந்த பள்ளம். வேர்கள் மண்ணைத் தேடி அந்தரத்தில் தொங்கின. மீன்கொத்திப் பொந்துகள் பாதி உடைந்து வெறுமையாக இருந்தன. நாணல் இருந்த இடம் தண்ணீரிலிருந்து ரெண்டு ஆள் உயரத்தில் காய்ந்து கிடந்தது. நான் டேப்பை நீட்டினேன். புல்லையும் நிழலையும் விட்டுவிட்டு, அடியில் எவ்வளவு மண் மிச்சம் என்று பார்த்து அக்கா நூற்றுக்கு மார்க் போட்டார். முப்பத்தைந்துக்கு இருபது. முப்பத்தாறுக்குப் பதினான்கு.

முப்பத்தேழில் தம்பி துடுப்பை நிறுத்தினார். பிளந்த மண்ணும் பாதித் தகரமும் தெரிந்தன.

“இதுக்கு எவ்வளவு?” என்றார். மூன்று வாரத்தில் அக்காவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

அக்காவால் எழுத முடியவில்லை.

“எழுதுக்கா. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்னு அவகிட்ட சொன்னியே. இருக்கறதைப் போடு.”

அக்கா சைபர் போட்டார். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி துடுப்பை எடுத்தார்.

ஐம்பத்திரண்டாம் கட்டத்துக்கு அக்கா போட்டது பதினொன்று. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே ஒரு வீடு. ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா தம்பியைப் படகை நிறுத்தச் சொன்னார். நான் பிடிப்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார். இடுப்பளவு ஆற்றில், பயத்தில் பல் கிட்ட, மேலே பார்த்துக் கத்தினார்.

“வீட்டை விட்டு வெளிய வாம்மா. இன்னைக்கே வேற எங்கயாவது போயிடுங்க. கீழ ஒண்ணுமே இல்ல. எல்லாம் பள்ளம்.”

அந்தப் பெண் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் நிற்பது யார் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“மார்க் அக்காவா? பயப்படாதீங்கக்கா. அந்த முப்பத்தேழுல மரத்தோட கனம் தாங்காம விழுந்திருக்கும். எங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். “போன மாசம் நீங்கதானே எழுபத்தாறு போட்டீங்க.”