நஞ்சம்மாள் அண்ணியும் ஆத்தாவின் கஞ்சியும்

என்னைப் பெண் பார்க்க வந்த பாலக்கோட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்து விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அத்தை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள். பஸ்ஸாம் பஸ்ஸு! எங்கள் மாரண்டஹள்ளியிலிருந்து அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் என்று எனக்குத் தெரியாதா? வாசல் தாண்டியதும் அவள் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. "புழு நாத்தம் கொடலப் புடுங்குதுப்பா. இந்த வூட்டுல எவன் பொண்ணெடுப்பான்?"

ஆத்தா நேராக என் அண்ணி நஞ்சம்மாளிடம் போனாள்.

"எல்லாம் உன் புழுவால வந்த வினை. சந்தோசமா இப்ப?"

பட்டுப்புழு எங்கள் வீட்டுக்கு வந்தது அண்ணியோடுதான். அவள் தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். கல்யாணமாகி வந்த வருடமே என் அண்ணன் மாதேஸ்வரனைத் தூண்டி இரண்டு வயலில் மல்பெரி நட வைத்து, பின்கட்டு அறையில் மூங்கில் தட்டுகளை அடுக்கிப் புழு வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். நெல்லு, கேப்பை, தக்காளி தவிர வேறு வெள்ளாமை அறியாத ஆத்தா, அந்த அறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. "புழுவுக்குத் தழை வெட்டிப் போடற பொழப்பு எனக்கு வேணாம்" என்பாள்.

விரிப்பும் தலையணையும் வைக்கிற படுக்கைப் பெட்டி அந்த அறைக்கு அடுத்தாற்போல் இருந்தது. மறுவாரம் சந்தையில் ஆத்தா ஒரு பொட்டலம் பாச்சை உருண்டை வாங்கி வந்து, நாற்றம் அடங்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் பெட்டிக்குள் போட்டாள். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ஊதுபத்தி கூடக் கொளுத்த மாட்டார்கள். பூச்சி மருந்து அடித்த சட்டையோடு அறைக்குள் போக மாட்டார்கள். அப்படி ஒரு வாசனை ஆகாத ஜென்மம் அது. கூடு கட்ட இன்னும் சில நாளே இருந்த புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, தழையைத் தொடவில்லை, வாந்தி எடுத்துச் சுருண்டன. அண்ணன் கூடை கூடையாக எருக்குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டினான். அண்ணி முகத்தைக் கையால் மூடி ஓவென்று அழுதாள். எனக்கு ஆத்தா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆத்தா மசிந்தாளா? இல்லவே இல்லை.

"பொங்கல் கழிஞ்சு தருமபுரியில இருந்து மாப்பிள்ளை ராஜப்பன் வூட்டுக்காரங்க வராங்க. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா புழு இந்த வூட்ட வுட்டுப் போயிடணும். சொல்லிட்டேன்" என்றாள்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டுத் தலையணையை மோந்தாள். பிறகு புழு அறையில் கொடியில் தொங்கிய அண்ணனின் துண்டை மோந்தாள். அது இரவும் பகலும் அங்கேயே கிடக்கிற துண்டு. திரும்ப வந்து ஜமுக்காளத்தை மோந்தாள். நான் சிரித்துவிட்டேன். "என்ன அண்ணி, நாய் மாதிரி?"

"சும்னிரு" என்று கன்னடத்தில் என் வாயை அடக்கினாள். பிறகு துண்டை என் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாரு தீர்த்தம்மா. இதுல தழை வாசம்தான் இருக்குது. பெட்டியில உருண்டை நெடிக்கு அடியில இருக்கறது புளிச்ச வாசம். புழுவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்புறம் எதுக்குச் சம்பந்தம்?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "கஞ்சிக்கு."

அய்யோ! எங்கள் ஆத்தாவின் கஞ்சி ஊரறிந்தது. துவைத்த விரிப்பெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்து நிற்க வேண்டும் அவளுக்கு. சோறு வடித்த கஞ்சியில் முக்கி, மொட்டை வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் சூடு ஆறுமுன் மடித்து, மண் தரையில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். உள்ளே வேர்த்து, கஞ்சி புளித்து, கரப்பானுக்கும் விருந்து. பழி மட்டும் புழு மேல்!

"என் கஞ்சியையா சொல்ற? எங்கம்மா காலத்துல இருந்து போட்ட கஞ்சிடி!" என்று அடுப்படியிலிருந்து வந்து ஆத்தா சாமி வந்தவள் போல் ஆடினாள். அண்ணி ஒரு பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதிக்கு ஆத்தாவையே கஞ்சி போட்டு அவள் வழக்கப்படி மடித்து வைக்கச் சொன்னாள். இன்னொரு பாதியைக் கஞ்சி போடாமல் தன் வழியில் வைத்தாள். மழை விடாமல் பெய்த நாட்கள் அவை. வானம் வெளுத்ததும் இரண்டையும் எடுத்து ஆத்தாவிடம் கொடுத்தாள். ஆத்தா தன் பாதியை மோந்தாள். முகம் கோணிற்று. மற்றதை மோந்தாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தன் பாதியை இன்னொருமுறை மோந்தாள்.

"வர்றவங்க மூக்கு சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னாள். பிடிவாதத்துக்கு ஆத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணி வழியில் செலவு என்று ஒன்றும் இல்லை. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் விரிப்புகளைத் துவைத்தோம். கஞ்சி மட்டும் கிடையாது. எடுத்து வைக்கிற துணிக்குக் கஞ்சி ஆகாது, விரிக்கிற அன்றைக்கு வேண்டுமானால் போட்டுக்கொள் என்பாள். இலவம்பஞ்சுத் தலையணைகளை வெயிலில் போட்டுக் கம்பால் தட்டி, திருப்பி, மறுபடி தட்டினோம். காய்ந்ததை உடனே மடிக்க விடமாட்டாள். நிழலில் விரித்துச் சூடு முழுக்க இறங்கிய பிறகுதான் மடிப்பு. பெட்டியைத் துரு போக உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, செங்கல் மேல் தூக்கி வைத்தாள். மூலைக்கு ஒரு கொட்டாங்குச்சியில் அடுப்புக்கரி போட்டு, மேலே துணி கட்டி வைத்தாள். ஈரத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்தோம். புது முட்டை வாங்கி வளர்த்த புழுக்கள் பக்கத்து அறையில் கொழுகொழுவென்று தழை தின்றுகொண்டிருந்தன.

தருமபுரியிலிருந்து வந்தவர்களில் முடிவு சொல்கிறவள் மாப்பிள்ளையின் பெரியம்மா குள்ளம்மாள். பேர்தான் குள்ளம்மாள், நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தாள். வந்ததும் வராததுமாக, "புழு வளக்கறீங்களாமே? பாலக்கோட்டுல சொன்னாங்க" என்றாள். ராஜப்பனை ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். பிடித்தும் போயிருந்தது. இவள் மூக்கு என்ன சொல்லப் போகிறதோ!

அண்ணி ஜமுக்காளம் விரித்து, தலையணை போட்டாள். "பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தீங்களாம். சித்த சாஞ்சுக்கங்க."

குள்ளம்மாள் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். தலையணையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஆத்தா கதவோரம் நின்று அவள் மூக்கையே பார்த்தாள். குள்ளம்மாள் காலை நீட்டிப் படுத்தவள், வீட்டார் பேச்சு வார்த்தை முடிவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். அப்படியொரு குறட்டை! ராஜப்பன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

எழுந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இதுல என்ன வாசனை போட்டு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலைங்க. வெயிலும் அடுப்புக்கரியும்தாங்க" என்றாள் அண்ணி.

"எங்க வூட்டுப் பொட்டியில அத்தர் ஊத்தியும் இப்படித் தூக்கம் வரலியே! சரி சரி, பசிக்குது. கை கழுவத் தண்ணி கொடுங்க."

கை நனைத்தார்கள்! பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள் குள்ளம்மாள். நான் அடுப்படியில் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

எல்லோரும் எழுந்த பிறகு கடைசியாகத்தான் மருமகள் சாப்பிடுவாள். அன்றைக்கு ஆத்தா அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்கார வைத்தாள். "சாப்புடு."

"இருங்க அத்தை, தழை போடற நேரம். புழு பசியில கிடக்கும்."

"உக்காருன்னேன் இல்ல?" என்று அதட்டிவிட்டு ஆத்தா சேலையை இழுத்துச் செருகினாள். வெட்டி வைத்திருந்த மல்பெரிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் முறையாகப் புழு அறைக்குள் நுழைந்தாள்.