பின்பக்கமாக இறங்கிய லோரி

எழுபதுகளில், ஓர் அடைமழைக் காலம். எனக்குத் தலைப்பிரசவம். எஸ்டேட்டில் கார் வைத்திருந்தவர் துரை ஒருவர்தான். எங்களுக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரிதான் எல்லா வண்டியும். அதில் கோணிகளைப் பரப்பி என்னைப் படுக்கவைத்து, மலையடிவாரத்திலிருந்த தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எனக்கோ வலி நெருக்கியது.

சரிவுக்கு அப்பால், காய்கறி ஏற்ற மேலே வந்த காலி லோரி ஒன்று நின்றது. அதன் டிரைவர், ஒரு சீனர், சேற்றில் நடந்து வந்து என்னைப் பார்த்தார். என் கணவரோடு சேர்ந்து என்னைக் கோணியோடு தூக்கிப்போய்த் தன் லோரியின் பின்தட்டில் கிடத்தினார்.

“திருப்ப எடமே இல்லலா,” என்றார் கணவர்.

“திருப்ப வேணாம்லா. பின்னாலயே போலாம்,” என்றார் அவர், எங்கள் தமிழிலேயே.

கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தபடியே வளைவு வளைவாக இறக்கினார். அகலமான இடம் வரும்வரை அப்படித்தான்.

மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவர் பேரைக் கேட்க மறந்துவிட்டோம். அதுவரை வண்டி ஓட்டுகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒருவரின் முகம்தான் அந்த வளைவுகளிலெல்லாம் என் பக்கம் திரும்பியபடி வந்தது.