பாசி எடுக்க வந்தவள்

மானிப்பாயில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மதிலுக்கு இன்று காலை சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர மணம் அறைக்குள் வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மற்றவர்களுக்கு அது பொங்கல் மணம், திருவிழா மணம். எனக்குக் கோப்பாய்.

பட்டம் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை, குடாநாட்டு இலைக்கன்களைத் தேடிப் பதிவது. பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: அல்காவும் பங்கசுவும், அதாவது பாசியும் பூஞ்சணமும், சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர். படித்த கையோடு மறந்தும் இருப்பீர்கள். நானோ தென்னை, கிணற்றுக்கட்டு, கோயில் வீதிக் கல் என்று லென்சும் மூக்குமாக உரசிக்கொண்டு திரிந்தேன். ஒழுங்கை நாய்களே என்னைப் பார்த்துக் குரைத்துக் களைத்துவிட்டன.

கோப்பாயில் ஒரு பழைய முருகைக்கல் மதிலில்தான் அதைக் கண்டேன். சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் செம்மஞ்சள், விளிம்பில் சாம்பல். படம் எடுத்து எங்கள் ஆய்வை நடத்திய சேருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"உது எங்கடை பட்டியலிலை இல்லைப் பிள்ளை. கல்லோடை பெயர்த்துக்கொண்டு வாரும். மாதிரி இல்லாமல் பதியேலாது."

பெயர்க்க உளி வேண்டும். உளியை நான் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியிருந்தேன்.

அப்போது வீட்டுக்கார அன்ரி படலையால் எட்டிப் பார்த்தார். "மதிலிலை என்ன பிள்ளை பாக்கிறியள்?"

இலைக்கன் என்றால் அவருக்கு விளங்காது என்று நானே முடிவெடுத்தேன், கெட்டிக்காரி அல்லவா! "பாசி, அன்ரி. வாற செவ்வாய் வந்து எடுக்கிறன்."

அவர் முகம் ஒருமாதிரிப் போனது. "ஓம், எடுக்கத்தானே வேணும்" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை, புது உளியோடு ஒழுங்கை திரும்பும்போதே மணம் அடித்தது. மதில் பால் வெள்ளை. படலையடியில் அன்ரி, சிரித்த முகத்தோடு.

"படிச்ச பிள்ளையைக்கொண்டு மதில் உரஞ்சுவிக்கிறதே? சனம் என்ன கதைக்கும்? நீங்கள் ஏன் மினக்கெடுவான் எண்டு நானே ஆளைப் பிடிச்சு, கம்பி பிரஷ்ஷாலை உரஞ்சி எடுப்பிச்சுப்போட்டன்."

வாயில் வந்தது ஒன்றுதான்: "நல்ல வடிவாயிருக்கு, அன்ரி."

"எங்கையும் ஒரு பொட்டுப் பாசி கிடக்கோ எண்டு உங்கடை கண்ணாடியாலை பாருங்கோவன்!"

பார்த்தேன். மதிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், சாண் சாணாக, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அன்ரி பின்னாலேயே தேத்தண்ணியோடு வந்தார். ஒரு பொட்டும் இல்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு எத்தனையோ மதில்களில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. இப்போது அந்த ஒழுங்கை முழுவதும் சீமெந்துக் கல் மதில், முருகைக்கல்லே இல்லை. இருப்பது அந்தப் படம் மட்டும். அளவு காட்டுவதற்காகப் பக்கத்தில் என் பெருவிரலை வைத்திருந்தேன். விரல் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருக்கிறது. இலைக்கன்தான் மங்கல்.