டிரைவிங் டீச்சரின் படபடப்பு

அந்த டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவள் டீச்சர். முதலாளி மட்டும் 'ஐஸ்கட்டி' என்பார். காரணம் இருந்தது. படிக்க வந்தவர் பதறிப்போய் முன்னால் போகும் பஸ்ஸின் முதுகைக் குறிவைத்தால்கூட, பக்கத்தில் இருக்கும் அவள் தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை நோகாமல் அழுத்திவிட்டு, "பரவால்ல, மறுபடி மெதுவா கிளட்சை விடுங்க" என்பாள். குரல் இம்மியளவும் ஏறாது.

பெண் குழந்தை பிறந்த நாலாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டாள். கணவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். விடியுமுன் கிளம்பிப்போய் மதியம் வந்து, கட்டையைச் சாய்த்தால் சாய்ந்ததுதான்.

வந்த முதல் வாரம் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். "பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கே? என்ன சாப்பிட்டு இப்படி இளைச்சே?" என்று ஆபீஸில் ரசீது போடும் பெண் கண்வைத்தாள். டீச்சர் சிரித்துவைத்தாள். சாப்பிடுவதென்னவோ இரண்டு ஆள் சாப்பாடு. ஆனால் கல்யாணத்துக்கு முன் தைத்த பேண்ட்கூட இடுப்பில் நிற்கவில்லை.

வீட்டில் கால் தரையில் பாவவில்லை. அலமாரியை ஒழித்து அடுக்குவாள். அடுக்கியது பிடிக்காமல் மறுபடி கீழே இறக்குவாள். குழந்தை தூங்குகிற நேரத்தில் படுத்தால், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். எழுந்துவிடுவாள்.

"கொஞ்சம் உக்காரேன். பாக்கிற எனக்கே மூச்சு வாங்குது" என்றான் கணவன் ஒருநாள்.

"உக்காந்தா வேலையை யார் செய்வா? நீங்களா?" கையிலிருந்த பிளாஸ்டிக் வாளி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. மோதிய சத்தத்தில் குழந்தை அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு அவளும் அழுதாள்.

"பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "உன்னைப் பெத்தப்போ நான் உங்கப்பாகிட்ட மூணு மாசம் பேசலை. அந்த மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை, போ."

காருக்குள் இன்னும் மோசம். ஏசியை முழுதாகத் திருப்பிவைப்பாள். படிக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வெடவெடப்பார்கள். அவளுக்கோ கழுத்தில் வியர்வை வழியும். கால் எந்நேரமும் அந்த இரண்டாவது பிரேக்கின்மேலேயே இருக்கும். வண்டி வெட்டி வெட்டி நிற்கும். "நான் பிரேக்கைத் தொடவே இல்லையே டீச்சர்" என்பார்கள் பாவம். "பேசாம ரோட்டைப் பாருங்க!" என்று விழுவாள். இதுவரை யாரிடமும் அப்படி விழுந்ததில்லை. அன்று முழுக்க அதை நினைத்துக் குமைவாள். மறுநாள் மறுபடி விழுவாள்.

அப்படி ஒரு காலையில் தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. நீளமான சிக்னல். வண்டி நின்றதும் டீச்சருக்குள் எதுவும் நிற்கவில்லை. இதயம் தொண்டையில் ஏறி அடித்தது. கண்ணாடிகள் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. தையல்கார அம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் கியரில், ஆமை வேகத்தில், நடைபாதை ஓரமாகவே உருட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாகக் கத்தினார்: "டீச்சர்! எனக்கு ஓட்ட வருது, நிறுத்த வரலை டீச்சர்!"

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்து கதவைப் பிடித்து உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தாள். ஒரு மருந்துக்கடை வாசலில் வண்டி குலுங்கி நின்றது.

தையல்கார அம்மாள், மரியாதையெல்லாம் மறந்து, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றார்.

"தெரியலைக்கா. உள்ளே ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. என்னால நிறுத்த முடியலை."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? கோபம் வருதுன்னா?"

"இப்போ என்கிட்ட சொன்னியே, அதையே சொல்லு."

அன்றே முதலாளியிடம் போய், "இனி கொஞ்ச நாள் வண்டி எடுக்க மாட்டேன்" என்றாள். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

மறுநாள் கணவனோடு டாக்டரம்மாவிடம் போனாள். நாடி பார்த்தார். தொண்டையைத் தடவிப் பார்த்தார். கையை நீட்டச்சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் காற்றிலாடுவதுபோல் ஆடியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார்.

"கழுத்துல தைராய்டு சுரப்பி இருக்கில்ல, பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு அது புண்பட்டு, சேர்த்துவச்ச ஹார்மோனையெல்லாம் மொத்தமா கொட்டிடும். இளைப்பு, வேர்வை, நடுக்கம் எல்லாம் அதனாலதான்."

"அப்போ கோபம்?" என்றான் கணவன்.

"பாதி அதனால."

"மீதி?"

"அதை நீங்க வீட்ல கேட்டுக்குங்க" என்றார் டாக்டரம்மா, மாத்திரை எழுதியபடியே. "படபடப்புக்கு இதைக் குடுக்கிறேன். தாய்ப்பால் குடுக்கலாம். கொட்டினது தீர்ந்ததும் சுரப்பி அசந்து போகலாம், அப்போ எல்லாம் தலைகீழா இருக்கும். பயப்படாம வந்து ரத்தம் பாருங்க."

படியிறங்கும்போது டீச்சர் பாதியில் உட்கார்ந்து விம்மினாள். "எனக்குப் பைத்தியம் புடிக்குதுன்னே நினைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்கு நீங்க எங்க முழிச்சிருந்தீங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. அதன்பிறகு மதியத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு குழந்தையை அவன் வைத்துக்கொண்டான்.

மாத்திரையில் நெஞ்சின் ஓட்டம் மட்டுப்பட்டது. ஆனால் டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த இரண்டொரு மாதத்தில் குளிரத் தொடங்கியது. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பேச்சை முடிப்பதற்குள் சொல்லவந்தது மறந்தது. ஆபீஸ் பெண், "மறுபடி சதை போட்டுட்டியே" என்று உச்சுக்கொட்டினாள். "இளைச்சப்போ பாராட்டினியே, அதுவும் நோய்தான்" என்றாள் டீச்சர். அந்தப் பெண் அதற்கப்புறம் யார் உடம்பைப் பற்றியும் அவள் காதுபட வாய் திறக்கவில்லை.

வேறொரு மாத்திரை, ஆபீஸிலேயே உட்கார்ந்த வேலை, பிறகு பாதிநாள் வண்டி என்று படிப்படியாக மீண்டாள். தையல்கார அம்மாள் அதற்குள் வேறொருவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும். முடிவு நன்றாகத்தான் வருகிறது. ஆனாலும் அது கைக்கு வரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்வதில்லை. இந்தப் படபடப்பு சுரப்பியா, வெறும் பயமா என்று அவளுக்கே பிடிபடுவதில்லை. இப்போதெல்லாம் அடக்கிவைப்பதில்லை. "எனக்கு இன்னிக்குச் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறாள். கணவன் ஏன் என்று கேட்காமல் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான்.